பேனாவுக்கு அரை மணி நேரம், கட்டைக்கு ஆறு மாதம்

இந்த இதழில் நெல், உளுந்து, பூச்சி மருந்து எதுவும் கிடையாது. மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய நான்கு பக்கக் கடிதம் என்னைப் பத்து நாளாக விடவில்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எங்கள் வாய்க்கால் மேட்டில் என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் போத்து வெட்டி நட்ட பூவரசு ஒன்று இருந்தது. அவர் போய் மூன்று வருஷமாகிறது. போன ஐப்பசி மழையில் மரம் சாய்ந்துவிட்டது. விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்க மனசு வரவில்லை. என் பையன் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன். இப்போது ஊரோடு வந்துவிட்டான். சின்ன லேத் ஒன்று வாங்கி, இந்த மரத்தில் பேனா கடைந்தான். பார்த்த எல்லோருக்கும் பிடித்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு விழாவுக்கு 50 பேனா கேட்டார்கள். தை மாதக் கடைசியில் கொடுத்தோம். பங்குனிக்குள் 14 பேனா நீளவாக்கில் வெடித்துத் திரும்பி வந்துவிட்டது. மரத்தை மொட்டை மாடியில் நல்ல வெயிலில் பதினைந்து நாள் காயவைத்துத்தான் கடைந்தான். எங்கே தப்பு? ஆடி மாதத்துக்கு இன்னும் 100 பேனா வேறு ஓரிடத்தில் கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா? பையன் லேத்தை விற்றுவிடலாம் என்கிறான்."

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் சகோதரி. லேத்தை விற்க வேண்டாம். உங்கள் மகன் கடைந்ததில் தப்பில்லை. எட்டு வருஷம் இரும்பு கடைந்தவர் அளவு தப்பமாட்டார். ஆனால் இரும்பை இன்று கடைந்தால் நாளைக்கும் அதே அளவில் இருக்கும், மரம் அப்படி இருக்காது. அவர் கடைந்து முடித்த பிறகும் அந்த மரம் காய்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

நான் படித்தது வேளாண்மை. மரவேலை என் பாடமில்லை. எனக்குத் தெரிந்ததில் பாதி, கடைசல் ஆசாரிகளிடம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது. இன்னொரு பாதி நானே கெடுத்துக் கற்றது. என் வீட்டு வேம்பை வெட்டிய கையோடு அறுத்து, மூடி வைத்த மரப்பெட்டி ஒன்று செய்யச் சொன்னேன். ஆசாரி "ஒரு வருஷம் போகட்டும் சார்" என்றார். நான் கேட்கவில்லை. சித்திரையில் மூடிப் பலகை நடுவில் பிளந்தது. அந்தப் பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது, நான் அவசரப்படும்போதெல்லாம் என் வீட்டம்மா அதைக் கைகாட்டுவார்.

சரி, பேனா ஏன் வெடித்தது?

இந்தப் பேனாவுக்குள் ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. கட்டையில் 7 மி.மீ. துளை போட்டு, குழாயைப் பசை வைத்து ஒட்டி, அதற்கு மேல் கடைகிறார்கள். கடைந்து முடித்ததும் குழாயைச் சுற்றி மரம் எவ்வளவு இருக்கும்? சில இடத்தில் 1 மி.மீ., சில இடத்தில் 2 மி.மீ. கிட்டத்தட்ட வெற்றிலைக் காம்புத் தடிமன். மரத்தில் மீதி ஈரம் இருந்தால் அது வெளியேறும்போது மரம் சுருங்கும். பித்தளை சுருங்காது. இறுக்கமான சட்டைக்குள் ஆள் மாட்டிக்கொண்ட மாதிரி, உள்ளே குழாய் விட்டுக்கொடுக்காது, வெளியே மரம் இறுக்கும். கடைசியில் ரேகையோடு நீளவாக்கில் பிளக்கும். மேசை, நாற்காலி செய்யும் தடி மரத்தில் இவ்வளவு சீக்கிரம் தெரியாது. பேனாவில் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

பதினைந்து நாள் வெயில் போதாதா என்று கேட்கிறீர்கள். வெயில்தான் இங்கே பாதிக் குற்றவாளி. மரத்தின் ஈரம் பக்கவாட்டில் மெதுவாகவும், வெட்டு முனை வழியாகப் பல மடங்கு வேகமாகவும் வெளியேறும். மொட்டை மாடி வெயிலில் முனையும் மேல்தோலும் சட்டென்று காய்ந்து சுருங்குகின்றன. உள்ளே இன்னும் பச்சை. மேல் இறுக, உள் விட்டுக்கொடுக்காமல் நிற்க, கண்ணுக்குத் தெரியாத முடிவெடிப்புகள் அப்போதே விழுந்துவிடும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும்.

இதை நெல்லோடு வைத்துச் சொன்னால் நமக்குப் புரியும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்கிறார்களே, அது 100 கிராம் நெல்லில் 17 கிராம் தண்ணீர். மரத்துக்குக் கணக்கு வேறு. மரத்தை முழுக்க உலர்த்திய பிறகு உள்ள எடையை வைத்து வகுப்பார்கள். ஓர் அங்குலக் கனம், 50 செ.மீ. நீளமுள்ள பச்சைப் பூவரசுக் குச்சி 320 கிராம் இருக்கிறது, சுத்தமாக உலர்த்தினால் 190 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 130 கிராம். நெல் கணக்கில் இது 41 சதவீதம், மரக் கணக்கில் 68 சதவீதம். யாராவது "என் மரத்தில் 100 சதவீத ஈரம்" என்று சொன்னால் சிரிக்காதீர்கள், அது நடக்கக்கூடியதுதான்.

இதில் முக்கியமான இடம் 30 சதவீதம். 68-லிருந்து 30 வரை இறங்கும்போது மரம் எடை குறையுமே தவிர, பெரிதாகச் சுருங்காது. குழாய் போன்ற நார்களின் உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதுவரை போகிறது. 30-க்குக் கீழே நாரின் சுவரில் ஊறியிருக்கும் ஈரம் கிளம்பும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. உங்கள் மகன் பதினைந்து நாளில் பார்த்தது முதல் பாதி. எடை குறைந்தது, கை லேசாக உணர்ந்தது, காய்ந்துவிட்டது என்று நினைத்தார். வெடிக்கிற பாதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நம் ஊர்க் காற்றில் மரம் 12, 13 சதவீதத்தில் வந்து நிற்கும். அங்கே வந்து நின்ற பிறகுதான் துளை போட வேண்டும்.

இனி, மிச்சமிருக்கும் மரத்தை என்ன செய்வது என்று பார்ப்போம். இரண்டு துண்டம் பட்டையோடு கிணற்று மேட்டில் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இந்த வாரமே அறுப்பு மில்லுக்கு ஏற்றுங்கள். உருட்டுக் கட்டையாக மரத்தை வைத்திருந்தால் வெடிக்காமல் இருக்காது. மரம் வட்டம் சுற்றிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. முழு உருட்டில் அந்த வித்தியாசத்துக்கு இடம் கிடையாது. அதனால்தான் விறகுக் கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து பட்டை வரை முக்கோணமாக வெடிப்பு ஓடுகிறது.

மில்லில் சொல்ல வேண்டியது இதுதான். இரண்டு முனையிலும் வெடிப்பு எதுவரை போயிருக்கிறதோ அதுவரை தள்ளிவிடுங்கள். ஐப்பசியிலிருந்து கிடக்கும் மரம், நான்கைந்து அங்குலம் போகலாம், கவலைப்படாதீர்கள். பிறகு நட்டநடு வழியாகப் பிளந்து, ஒன்றேகால் அங்குலப் பலகையாக அறுக்கச் சொல்லுங்கள். நட்டநடுவில் மெத்தென்று இருக்கும் குருத்துப் பகுதி எந்தக் குச்சியிலும் வரக்கூடாது. அது இருக்கும் குச்சி எப்படிக் காயவைத்தாலும் வெடிக்கும். பலகையை மறுபடி ஓரங்குலக் குச்சியாகக் கிழிக்க வேண்டும். கடைசியில் பேனாவுக்குத் தேவை 20 மி.மீ. சதுரம், 13 செ.மீ. நீளம். ஆனால் பச்சையில் 25 மி.மீ. வைக்க வேண்டும். காயும்போது 1 மி.மீ. வரை சுருங்கும், கொஞ்சம் கோணும், செதுக்கி நேராக்க இடம் வேண்டும். நீளத்தை இப்போதே 13 செ.மீ. ஆக நறுக்காதீர்கள். ஒன்றரை, இரண்டு அடிக் குச்சியாகவே காயட்டும். முனையில் ஓர் அங்குலம் கெட்டால் ஓர் அங்குலம்தான் போகும். சின்னச் சின்னதாக நறுக்கினால் முனைகளின் எண்ணிக்கை கூடும், நஷ்டமும் கூடும்.

உங்கள் மரம் மூன்றடிச் சுற்றளவு என்கிறீர்கள், அதாவது சுமார் ஓரடிக் குறுக்களவு. இரண்டடி நீளத் துண்டம் ஒன்றில், பட்டை, வெள்ளைப்பகுதி, நடுக்குருத்து, ரம்பத்தூள் எல்லாம் கழித்து 120-லிருந்து 150 பேனாக்கட்டை தேறும் என்பது என் கணக்கு. விறகுக்குக் கேட்டவர் அந்தத் துண்டத்துக்கு என்ன கொடுத்திருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அறுத்த அன்றே, மறுநாள் அல்ல, அன்றே, குச்சிகளின் இரு முனைக்கும் மெழுகு போட வேண்டும். வெள்ளை மெழுகுவத்தியே போதும். ஒரு டின்னில் மெழுகைப் போட்டு, அந்த டின்னைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். அரை அங்குலம் முக்கி எடுத்தால் போதும். மெழுகு இல்லையென்றால் வீட்டில் மிச்சமிருக்கும் எனாமல் பெயிண்டைக் கெட்டியாக இரண்டு முறை அடிக்கலாம். முனை அடைபட்டால் ஈரம் பக்கவாட்டில் நிதானமாகப் போகும்.

பிறகு அடுக்கு. மாட்டுக் கொட்டகை வேண்டாம், ஈரம் அதிகம். காற்று வரும் திண்ணை, தாழ்வாரம், கீற்றுக் கொட்டகை எதுவானாலும் சரி. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இரண்டு கட்டை போட்டு, ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில், குச்சிக்குக் குச்சி விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். செங்கல் சூளை அடுக்குவது போலத்தான். மேல் வரிசையில் ஒரு கனமான பலகை வைத்தால் கோணல் குறையும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடாதீர்கள், பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். இப்போது சித்திரை வெயில், வெப்பக்காற்று அடிக்கிறது. அதனால் முதல் ஒரு மாதம் அடுக்கைச் சுற்றிப் பழைய சணல் சாக்கைத் தொங்கவிடுங்கள். வைகாசி பாதிக்கு மேல் சாக்கை எடுத்துவிடலாம். ஆடிக் காற்று நம் பங்குக்கு மிச்ச வேலையைச் செய்யும்.

எப்போது தயார் என்று எப்படித் தெரியும்? ஈரப்பதமானி வாங்கச் சொல்ல மாட்டேன். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். அடுக்கின் மேலே, நடுவே, கீழே என்று ஐந்து குச்சியைத் தேர்ந்தெடுத்து 1 முதல் 5 வரை எண் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நிறுத்து, தேதியோடு அந்தக் குச்சியிலேயே பென்சிலால் எழுதுங்கள். முதலில் வாரத்துக்கு 15, 20 கிராம் குறையும். பிறகு 5 கிராம். பிறகு 1 கிராம். தொடர்ந்து மூன்று நான்கு வாரம் எடை அசையவில்லை என்றால் மரம் நம் காற்றோடு சமமாகிவிட்டது என்று அர்த்தம். மேலே சொன்ன 320 கிராம் குச்சி 213 கிராம் பக்கத்தில் வந்து நிற்கும். ஓரங்குலக் குச்சிக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். நாள்காட்டியைவிடத் தராசை நம்புங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பேனாவை வாங்குகிறவர் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுபவராக இருக்கலாம். அங்கே காற்று இன்னும் வறட்சி. நம் திண்ணையில் நின்றுபோன மரம் அங்கே போய் மறுபடி கொஞ்சம் சுருங்கும். இதற்கு நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வழியே உண்டு, கோழிக்குஞ்சுக்கு வைக்கும் புரூடர்தான். ஒரு தகரப் பெட்டி, கீழேயும் மேலேயும் காற்றுத் துளை, உள்ளே பழைய 60 வாட் குண்டு பல்ப். பல்புக்கும் மரத்துக்கும் ஓரடி இடைவெளி கட்டாயம். அட்டைப்பெட்டி கூடவே கூடாது. கை வைத்தால் இதமான சூடு, 40 டிகிரி போல இருந்தால் சரி. திண்ணையில் காய்ந்து முடித்த கட்டைகளை, துளை போடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் இதில் வைத்து எடுங்கள். பச்சை மரத்தை நேராக இதில் வைத்தால் மொட்டை மாடிக் கதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த மரமும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அந்த மாதங்களில் கடைவதானால் இந்தப் பெட்டி இல்லாமல் முடியாது.

மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, இரும்பில் துளை போடுவது போல ஒரே இறக்காக இறக்க வேண்டாம். அரை அங்குலத்துக்கு ஒரு முறை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். சூடேறினால் உள்ளிருந்தே வெடிக்கும். துளை போட்டதும் குழாயை ஒட்டாமல் ஒரு வாரம் சும்மா வையுங்கள். வெடிக்கிற கட்டை அந்த ஒரு வாரத்தில் வெடித்துவிடும், குழாயும் பசையும் மிச்சம். ஒட்டும்போது குழாயை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, அரால்டைட் மாதிரி இரண்டு பசை கலந்து போடுவதைப் போடுங்கள்.

அடுத்து, நான் மிகவும் பயப்படுகிற விஷயம். பூவரசின் நடுவே இருக்கும் வைரம் சாக்லேட் நிறத்தில், பூச்சி அண்டாமல் இருக்கும். வெளியே இருக்கும் வெள்ளைப்பகுதியில் மாவுச்சத்து உண்டு, அதைத் தின்ன வண்டு துளைத்து மாவு கொட்டும். நம் வீடுகளில் கை எட்டும் தூரத்தில் பூச்சி மருந்து பாட்டில் இருக்கிறது. கரையான் வருகிறதே என்று குளோர்பைரிபாஸை மரத்தில் தடவும் பழக்கமும் இருக்கிறது. பேனாக்கட்டைக்கு எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். பேனா கையில் நாள் முழுக்க இருப்பது, பிள்ளைகள் வாயில் வைத்துக் கடிப்பது. கடையும்போது பறக்கும் தூள் நேராக உங்கள் மகன் மூக்குக்குள் போகும். வெள்ளைப்பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் எடுப்பதே போதுமான பூச்சிக் கட்டுப்பாடு. நாற்காலி, கதவு செய்ய வெள்ளை மரம் வேண்டும் என்பவர்கள் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பது உண்டு. பேனாவுக்கு நான் அதையும் சொல்ல மாட்டேன். எந்த மரமானாலும் கடையும்போது முகக்கவசம் வேண்டும்.

இப்போது ஆடி மாத ஆர்டர். 100 பேனாவையும் இந்தப் பூவரசில் தருகிறேன் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்று அறுத்தாலும் ஆவணிக் கடைசி, புரட்டாசிக்குத்தான் தயாராகும். ஆனால் ஆர்டரை விடவும் வேண்டாம். உங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய நுகத்தடி, உடைந்த உலக்கை, கலப்பைக் கட்டை, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், இடித்த ஓட்டு வீட்டின் கைமரம் ஏதாவது கிடக்கும். நாற்பது ஐம்பது வருஷம் காய்ந்த மரம் அது, கருவேலமோ பூவரசோ தேக்கோ. அதைவிடப் பக்குவமான பேனாக்கட்டை விலைக்குக் கிடைக்காது. மழையில் நனைந்து கிடந்திருந்தால் மட்டும் ஒரு மாதம் நிழலில் வைத்து, எடை நின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒன்றை மேலே ஓட்டி, ஆணி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்ட் அடித்த பழைய மரத்தைத் தொட வேண்டாம், அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும். இதில் 40, 50 பேனா தேறினால் ஆடிக்கு அதைக் கொடுங்கள். மீதியைப் புரட்டாசியில் தருகிறோம், மரம் காய வேண்டும் என்று உண்மையைச் சொல்லுங்கள். "இது நுகத்தடி மரம்" என்று சொல்லிக் கொடுத்தால் வேண்டாம் என்பவர் குறைவு.

வெடித்து வந்த 14 பேனாவுக்குப் பதில் கொடுத்துவிடுவது நல்லது. வெடிப்பில் பசை ஊற்றித் தேய்த்து மறைக்கலாம், பார்வைக்குத் தெரியாது, அடுத்த கோடையில் பக்கத்தில் இன்னொன்று வெடிக்கும். கிளிப், முனை, திருகு எல்லாம் கழற்றி மறுபடி உபயோகிக்கலாம். மரத்தைக் குழாய் வரை கடைந்து எடுத்துவிட்டால் குழாயும் மிஞ்சும். வெடிக்காத 36 பேர் கையிலும் இருப்பது அதே மரம்தான் என்பதை மறக்காதீர்கள். அவர்கள் திருப்பிக் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம் என்று பள்ளிக்கூடத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்.

இந்தக் கடிதம் படித்தபோது எனக்கு 2018 நவம்பர் 16 ஞாபகம் வந்தது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அன்று காலை நான் டெல்டாவில்தான் பணியில் இருந்தேன். சேதக் கணக்கெடுப்புக்கு ஊர் ஊராகப் போனோம். தென்னை கணக்குக்கு வந்தது. வேலியோரப் பூவரசும் வாகையும் மாவும் எந்தப் படிவத்திலும் ஒழுங்காக ஏறவில்லை. "சார், இதை என்ன செய்யறது" என்று கேட்டவர்களிடம், வழியை அடைக்கிறது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். லாரி லாரியாகச் சூளைக்குப் போயின. அறுத்து, முனையை அடைத்து, கொட்டகையில் அடுக்கி வையுங்கள் என்று சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

இதே விஷயமாக வந்த வேறு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி: "எங்கள் ஊரில் சீமைக்கருவேலம் தவிர வேறு மரம் இல்லை. கரிமூட்டம் போடுவதைத் தவிர அதற்கு உபயோகம் உண்டா? பேனா, சாவிக்கொத்து மாதிரி கடைசல் வேலைக்கு ஆகுமா?"

தம்பி, ஆகும், நன்றாகவே ஆகும். இந்த இனத்து மரங்களை மெஸ்கீட் என்று சொல்லி, அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் தரைப்பலகைக்கும் மேசை நாற்காலிக்கும் எடுக்கிறார்கள். காரணம், காயும்போது இதன் சுருக்கம் குறைவு. மேலே சொன்ன இரண்டு திசைச் சுருக்கத்துக்கும் உள்ள வித்தியாசமும் மற்ற மரங்களை விடக் குறைவு. பேனாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் ஊரில் இது பருத்து வளர்வதில்லை, கோணல், பலகை வராது என்பதுதான் குறை. பேனாவுக்கு ஓரங்குலம் நேராக, அரையடி நீளம் இருந்தால் போதுமே. தூர்க்கட்டையும் கவை பிரியும் இடமும் எடுங்கள், அங்கேதான் ரேகை அழகாகச் சுழித்து ஓடும். கவைக்கட்டை வெடிக்கும் குணமுள்ளது, முழுக் கட்டையையும் மெழுகில் முக்கி மெதுவாகக் காயவிட வேண்டும். வெள்ளைப்பகுதியை வண்டு சீக்கிரம் பிடிக்கும், வெட்டிய வாரமே பட்டையையும் வெள்ளையையும் நீக்கிவிடுங்கள். முள் குத்தினால் புரையோடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்காக யாரும் சீமைக்கருவேலத்தை வளர்க்கப் போக வேண்டாம். வேரோடு பிடுங்குகிற வேலை நடக்கட்டும், பிடுங்கியதில் நல்ல கட்டையைக் கரிமூட்டத்துக்கு முன்னால் பொறுக்கி எடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் ஐயா: "தோப்பில் தென்னை, பனை, வேம்பு, வாகை, புளி, பலா எல்லாம் உண்டு. எது பேனாக்கட்டைக்கு ஏற்றது, எது ஆகாது?"

ஐயா, புளியின் வைரம் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் கருஞ்சிவப்பில் கல் மாதிரி. கடைசல் மின்னும். உளியை அடிக்கடி தீட்ட வேண்டும். பலா முதலில் மஞ்சளாக இருந்து வருஷம் போகப் போகப் பழுப்பாகும், வாங்குகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வேம்பு நல்லது. வாகை அழகான மரம், ஆனால் அதன் தூள் தும்மலில் ஆளைக் கொன்றுவிடும். தென்னையில் வைரம், வெள்ளை என்ற பிரிவே இல்லை. வயதான மரத்தின் அடிப்பாகத்தில், பட்டையை ஒட்டிய நாலு விரல் கனம்தான் கெட்டி, நடு சவசவ. பனைக்குக் கறுப்புக் கோடு ஓடும், பார்க்க அழகு. ஆனால் கடையும்போது நார் நாராகப் பிய்ந்துவரும். மெல்லிய சூப்பர் குளூ ஊற்றி ஊறவைத்து, கூர் உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். பனை நம் மாநில மரம், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021-லேயே அரசு சொல்லிவிட்டது. தானாக விழுந்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தனம், ஈட்டி, செம்மரம் பட்டா நிலத்தில் நின்றாலும், விழுந்து கிடந்தாலும், வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். அரளி, எட்டி, தில்லை இந்த மூன்றும் விஷமுள்ளவை, வாயில் வைக்கும் பொருளுக்கு வேண்டவே வேண்டாம்.

எந்த மரத்தின் குச்சியானாலும் அறுத்த அன்றே மரத்தின் பெயர், ஊர், தேதி மூன்றையும் அதன் மேல் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாக் குச்சியும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். மரத்தைப் பற்றி மேலும் கேட்க மேட்டுப்பாளையத்தில் நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

மன்னார்குடி சகோதரிக்கு: உங்கள் ஐந்து குச்சிகளின் முதல் எடையை ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஆனி மாதம் மறுபடி எழுதுங்கள். எடை எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, எப்போது துளை போடலாம் என்று சொல்கிறேன். அந்த மரத்தின் தூரில் இப்போது துளிர் வந்திருந்தால், நேராக நிற்கும் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். ஆடு எட்டாமல் முள் கட்டுங்கள்.